எண்ணூர்ப் புகையும் துருவப் பனியும்

சென்ற கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் வைகறையில், திருவொற்றியூரை அடுத்துள்ள சிற்றாலயம் ஒன்றிற்குப் பாடற்குழுவினருடன் சென்றிருந்தோம். நற்கருணை மேசையின்மீது முதல்நாள் மாலையில் விரித்திருந்த வெண்ணிற விரிப்பை ஆலய ஊழியர் எடுத்துச் சென்று வாயிற்புறத்தே உதறி, மறுபுறமாகத் திருப்பி மீண்டும் விரித்தார். காரணம் வினவியபோது அவர் யாதொன்றும் கூறாது, சாளரப் படியின்மேல் ஒரு விரலை இழுத்து அவ்விரலை எமக்குக் காட்டினார். அது கரியதாயிருந்தது. வடசென்னையில் வாழ்வார்க்கு இஃதொரு புதுமையன்று. இராயபுரம் முதல் எண்ணூர் ஈறாகக் கொடியில் துணி உலர்த்தும் தாய்மார் அனைவரும் இதனை அறிவர். ஆயினும் எம் உள்ளத்தே அன்று எழுந்த வினா வேறொன்று. இங்கு வீழ்ந்த கரியை ஒருவர் துடைத்துவிட்டார். வீழாது போன கரி எங்கே சென்றது?

இவ்வினாவை நம் கலாசாலையிற் பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவரிடம் விடுத்தோம். அவர் சிறிது நேரம் எண்ணியிருந்து, "துருவம் வரைக்கும்" என்றார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வோர்க்கு அணியிலக்கணம் தந்த பழக்கத்தால், இதனை உயர்வு நவிற்சி என்று கருதித் தள்ளிவிட முற்பட்டோம். பின்னர்ச் சில நூல்களையும் கட்டுரைகளையும் புரட்டிப் பார்த்த பொழுதுதான் நண்பர் கூறியது தன்மை நவிற்சியே என்பது விளங்கிற்று. யாம் அறிந்துகொண்டவற்றை நம் சஞ்சிகையின் அன்பர்கட்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விஞ்ஞானம் பயிலும் தோழர் எம் பிழை பொறுப்பாராக.

இராயபுரத்திற்கும் நிலக்கரிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று தென்னிந்தியாவின் முதற் பிரயாணிகள் வண்டி இராயபுரம் நிலையத்திலிருந்தே ஆர்க்காட்டுத் திசை நோக்கிப் புறப்பட்டது. அதனைக் கண்ட மக்கள் இருப்புப்பாதையைக் கொண்டோ விரைவைக் கொண்டோ மட்டும் பெயரிடாமல், புகையைக் கொண்டே 'புகைவண்டி' என்று பெயரிட்டனர். பிற்காலத்தே துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்தவெளியில் மலைபோற் குவிக்கப்பட்டன. கடற்காற்று வீசும் பிற்பகலெல்லாம் அக்குவியல்களின் தூள் வீடுகளினுட் புகுந்தது. குடிமக்களின் முறையீடு பல்லாண்டு நடந்து, 1911 அன்று, 2011ஆம் ஆண்டிலேதான் சென்னை உயர்நீதிமன்றத்தின் கட்டளையால் அவற்றைக் கையாளுதல் சென்னைத் துறைமுகத்தில் நின்றது. ஒரு நூற்றாண்டைத் தவறாகப் படிப்பவரும் உளராதலின் இவ்வாறு வற்புறுத்தி எழுதினோம். இராயபுரத்தார் சற்றே மூச்சுவிட்டனர். நிலக்கரியோ வடக்கே பெயர்ந்து, 2001ஆம் ஆண்டிலேயே தொழில் தொடங்கியிருந்த எண்ணூர்த் துறைமுகத்தை அடைந்தது. அத்துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் என வழங்குகின்றது.

எண்ணூரில் அனல் மின்னிலையம் எழுந்தது 1970ஆம் ஆண்டினை ஒட்டி. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் நிலக்கரியை எரித்த அந்நிலையம் 2017ஆம் ஆண்டில் மூடப்பட்டது. எனினும் அத்திப்பட்டுப் பக்கத்தே வடசென்னை அனல் மின்னிலையம் 1830 மெகாவாட் ஆற்றலுடனும், வல்லூர் நிலையம் 1500 மெகாவாட் ஆற்றலுடனும் இயங்கிவர, 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 800 மெகாவாட் அலகொன்றும் அவற்றோடு கூடியது. எரிந்த நிலக்கரியின் சாம்பல் நீரிற் கரைக்கப்பட்டுக் குழாய் வழியே சாம்பற் குளங்களுக்குச் செல்கின்றது. அக்குழாய்கள் கசிந்து கொசத்தலையாற்றின் கழிமுகத்தைச் சாம்பற் சேறாக்கிய கதையை எண்ணூர் மீனவர் கூறக் கேட்டல் வேண்டும். இறாலும் நண்டும் எடுத்த இடத்தில் அவர்கள் இப்பொழுது முழங்காலளவு சாம்பலிற் கால் பதிக்கின்றனர். அக்கதை தனியே ஒரு கட்டுரைக்கு உரியதாதலின் இங்கே விடுத்து, காற்றேறிச் செல்வனவற்றை மட்டும் நோக்குவோம்.

காற்றில் ஏறியவை யாவும் ஒரே தொலைவு செல்வனவல்ல. துகளின் பருமையே அதனை அறுதியிடுகின்றது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். தலைமயிர் ஏறத்தாழ எழுபது மைக்ரான் பருமையுடையது. பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட நிலக்கரித் தூளும் சாம்பலும் சில நாழிகையிலோ ஒரு நாளிலோ தம் எடையால் நிலத்தில் வீழ்ந்துவிடும். ஆலய ஊழியர் எமக்குக் காட்டிய விரலிற் படிந்திருந்தது பெரும்பாலும் இவ்வினமே. ஒரு மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகளோ தன் எடையால் வீழ்வதில்லை. மழை வந்து கழுவும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம் அல்லது அதனினும் சற்று மிகுந்த காலம், அது காற்றின் வழியே ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு வாரத்திற் காற்று எத்துணைத் தொலைவு செல்லும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர், கண்ணுக்குத் தெரியும் தூசினைக் காட்டிலும் தெரியாத தூசே நெடும்பயணி என்பதை உணர்வர்.

ஈண்டு ஒரு பிழையான கருத்தை நீக்குதல் வேண்டும். யாமும் முதலில் அப்பிழையையே கொண்டிருந்தோம். வானளாவிய புகைபோக்கியைக் கண்டவுடன் கரியெல்லாம் அதிலிருந்தே வருகின்றது என்று எண்ணுகின்றோம். ஆனால் மிக்க வெப்பத்தில் நன்கு எரியும் உலையிற் புகைக்கரி சிறிதே உண்டாகும். சாம்பலின் பெரும்பகுதியையும் மின்விசையாற் பற்றும் கருவிகள் தடுத்துவிடும். புகைக்கரியை மிகுதியும் ஈன்பவை அரைகுறையாக எரியும் நெருப்புக்களே: விறகடுப்பு, செங்கற்சூளை, எரியூட்டப்பட்ட குப்பை, டீசல் லாரி. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலை நோக்கி மணிக்கணக்காக வரிசை கட்டி, இயந்திரம் நிற்காது உறுமிக்கொண்டிருக்கும் கண்டெய்னர் லாரிகளைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை. இனி, நெடும் புகைபோக்கியும் குற்றமற்றதன்று. அதன் வழியே கந்தக வாயுவும் பாதரச ஆவியும் வெளிப்படுகின்றன. இருநூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அவற்றை விடுவதன் கருத்து அண்டை வீட்டாரைக் காத்தல் என்பதே. அண்டை வீட்டார்க்குத் தப்பியது அயல்நாட்டார்க்குச் செல்லும் என்பதை அக்காலத்தில் எவரும் பெரிதாக எண்ணவில்லை.

நம் முன்னோர் காற்றுக்கு அது வரும் திசையைக் கொண்டு பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. செல்லும் திசையைக் கொண்டு ஒரு பெயரும் இட்டதாகத் தெரியவில்லை. நம் ஆண்டவரும் நிக்கொதேமுவோடு இரவில் உரையாடிய காலத்துக் காற்றின் போக்கினை மனிதர் அறியாததற்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். அக்காற்றைப் பின்தொடரும் முயற்சியே 1999ஆம் ஆண்டில் நம் கடலின்மீது நிகழ்ந்தது. தமிழ்நாட்டவரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்றவருமான வீரபத்திரன் இராமநாதன், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் என்பாருடன் சேர்ந்து இந்துமாக்கடல் ஆராய்ச்சி ஒன்றினை நடத்தினார். பல நாட்டு அறிஞர் கப்பல்களோடும் விமானங்களோடும் மாலத்தீவுப் பக்கத்தே கூடினர். வாடை வீசும் சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள காலத்தில் வங்கக் கடலின்மீதும் அரபிக் கடலின்மீதும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தடிப்புள்ள ஒரு பழுப்பு மூட்டம் தெற்கு நோக்கிப் பரந்து கிடந்ததை அவர்கள் கண்டனர். தூய கடற்காற்றைக் காணலாம் எனக் கருதத்தக்க நடுக்கடலில் நகரப் புகையை அளந்தனர். அம்மூட்டம் நிலநடுக்கோட்டின் அண்மையிலுள்ள மழைமேகங்களை எட்டியதும் பெரும்பாலும் கழுவப்பட்டுவிடுகின்றது. தென்துருவத்தை நம் புகையினின்று காப்பது இம்மழைவேலியே எனலாம். நம் நாட்டார் 1989ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் மைத்திரி நிலையத்தருகே புகைக்கரியை அளந்தபோது, ஒரு கனமீட்டர்க் காற்றில் அது நூறு நானோகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. நம் நகரங்களின் காற்றில் அதனைப்போல் பன்மடங்கு உண்டு.

வடதுருவத்தின் நிலை வேறு. 1950ஆம் ஆண்டுகளில் அலாஸ்காவிற்கு வடக்கே பறந்த அமெரிக்க விமானிகள், வெண்பனிப் பாலைவனத்தின்மீது பழுப்பு நிற மூட்டமொன்று படிந்திருப்பதைக் கண்டு திகைத்தனர். ஊரில்லை, ஆலையில்லை, அடுப்புமில்லை; மூட்டம் மட்டும் இருந்தது. 1970ஆம் ஆண்டுகளில் அதனை ஆராய்ந்தோர், அது ஐரோப்பாவிலும் உருசியாவிலும் உள்ள ஆலைகளின் புகை எனத் தெளிந்தனர். குளிர்காலத்தில் அங்கு மழையின்மையால் கழுவுவாரற்ற புகை பல வாரம் தங்கிவிடுகின்றது. தரையை ஒட்டிய அம்மூட்டத்தில் நம் நாட்டின் பங்கு சிறிது. ஆனால் நம் கோடைவெப்பத்தால் மிக உயரத்திற்கு எழுப்பப்படும் தென்னாசியப் புகைக்கரி, மேல்வானத்துக் காற்றாற்றின் வழியே வடக்கும் கிழக்குமாக ஓடி, துருவ வானின் மேலடுக்குக்களிற் சேர்கின்றது என்பர். போகும் வழியில் இமயத்திலும் ஒரு பகுதி படிகின்றது. பனிமிகுதி பற்றி மூன்றாம் துருவம் என அழைக்கப்படும் அம்மலையில், எவரெஸ்ட் சிகரத்தருகே 5079 மீட்டர் உயரத்தில் 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நிலையத்தின் கருவிகளும் பருவமழைக்கு முந்திய திங்கள்களிற் புகைக்கரி ஏறிவருதலைக் காட்டின.

அங்கே சென்ற கரி செய்யும் தீங்கு யாது? நண்பகலில் காசிமேட்டு மணலில் வெறுங்காலோடு நடந்தவர் இதனை எளிதில் உணர்வர். வெண்மணலில் ஒருவாறு நடந்துவிடலாம். தார்ச்சாலையிற் கால் வைக்க இயலாது. புதிய பனி தன்மேல் வீழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் வானுக்கே திருப்பியனுப்பும். அதனோடு சிறிதளவு கரி கலந்தாலும் ஒளியை உட்கொண்டு வெப்பமாக்கும், பனி உருகும், உருகிய பனியின் அடியிலுள்ள கரிய நீரோ கரிய நிலமோ வெளிப்பட்டு மேலும் ஒளியை உட்கொள்ளும். ஆலய மேசை விரிப்பில் விழுந்தால் உதறிவிடலாம். துருவத்தின் விரிப்பை உதறுவார் எவருமிலர்.

நோர்வே நாட்டிற்கு உரிய சுவால்பார்டுத் தீவில் நீ-ஒலெசுண்டு என்ற சிற்றூர் ஒன்று உண்டு. வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரில் 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் இமாத்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. நம் எண்ணூரைப் போலவே அதுவும் நிலக்கரியால் வாழ்ந்த ஊர். 1962ஆம் ஆண்டு சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர் மாண்டபின் சுரங்கம் மூடப்பட்டது. நிலக்கரி தோண்டிய ஊரில் இன்று நிலக்கரிப் புகையை அளக்கின்றனர்.

பாதரசத்தின் பயணம் இதனினும் வியப்புடையது. நிலக்கரியில் மிக நுண்ணிய அளவிற் பாதரசம் உண்டு. எரியும்போது அது ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறி, மழைக்கும் எளிதில் அகப்படாது, பல திங்கள் முதல் ஓராண்டு வரை உலகைச் சுற்றிவரும். எண்ணூரில் எழுந்ததென்றும் சீனத்தில் எழுந்ததென்றும் அப்பொழுது பிரித்தறிதல் அரிது. எல்லார் பாதரசமும் ஒன்றாய்க் கலந்துவிடும். கனடாவின் வடகோடியிலுள்ள அலர்ட் என்னும் நிலையத்தில் 1995ஆம் ஆண்டு அறிஞர் ஒரு புதுமை கண்டனர். நெடிய துருவ இரவு முடிந்து கதிரவன் முதன்முதல் தோன்றும் நாட்களிற் காற்றிலிருந்த பாதரசம் திடீரென மறைந்தது. கடலுப்பிலிருந்து எழும் புரோமின் கதிரொளியாற் கிளர்ந்து பாதரச ஆவியை மாற்ற, அது பனியின்மீது வீழ்கின்றது. ஒரு பகுதி மீண்டும் காற்றில் எழும். எஞ்சியது பனிநீரோடு கடலுட் புகும். அங்கே நுண்ணுயிர்களால் நச்சுவடிவம் பெற்று, சிறு மீனிலும் பெரு மீனிலும் சீல் என்னும் கடல்விலங்கிலும் முறையே செறிந்து, அவ்விலங்கை உண்டு வாழும் இனுயிட் மக்களின் உடலை அடைகின்றது. சப்பானிய நாட்டு மினமாட்டாவில் 1956ஆம் ஆண்டு வெளிப்பட்ட கொடுநோயின் பெயரையே தாங்கிய உலக உடன்படிக்கை 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நம் நாடு 2018ஆம் ஆண்டில் அதனை ஏற்றது.

மனிதன் புகை துருவத்தை அடைவது நம் காலத்துப் புதுமையோ எனின், அன்று. கிரீன்லாந்துப் பனியை ஆழத் துளைத்து அடுக்கடுக்காக ஆராய்ந்தவர்கள் ஈராயிரம் ஆண்டுகட்கு முந்திய அடுக்குக்களில் ஈயத்தைக் கண்டனர். உரோமானியர் வெள்ளியை உருக்கிப் பிரித்த உலைகளிலிருந்து எழுந்த ஈயப்புகை அது. அவ்வெள்ளியில் அடித்த காசுகள் மிளகு வணிகத்தின் வழியே நம் நாடடைந்து, கரூரிலும் கொங்குநாட்டுப் புதையல்களிலும் அகப்பட்டுள்ளன. யவனரின் காசு நம்மிடமும் அவர்தம் புகை கிரீன்லாந்திலும் தங்கிவிட்டன. சங்க நூல் பயில்வோராதலின் இச்செய்தி எமக்குத் தனிச்சுவை தந்தது.

இறுதியாகக் கூற எஞ்சியது நம் தமிழ்நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்ட ஒன்று. வடசென்னைப் புகையைத் தேடிச் சென்ற எமக்குப் பரங்கிப்பேட்டை நெல்வயல் எதிர்ப்பட்டது. நெற்பயிருக்கு நம் உழவர் நெடுங்காலம் தூவிய பி.எச்.சி. என்னும் பூச்சிமருந்தைப் பெரியோர் நன்கு அறிவர். வெள்ளாற்றை ஒட்டிய வயல்களில் தூவிய அம்மருந்து எங்கே செல்கின்றது என்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்தாரும் சப்பானிய நாட்டு எகிமேப் பல்கலைக்கழகத்தாரும் கூடி ஆராய்ந்து, 1991ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆற்றின் வழியே கடலை அடைந்தது நூற்றில் அரைப் பங்கும் இல்லை. 99.6 பங்கு காற்றிலேறிவிட்டது! பெட்டியில் இட்ட பாச்சையுருண்டை சில திங்களில் காணாமற்போவதைப் போன்றதே இது. நம் வெயிலில் ஆவியாகும் அப்பொருள் குளிர்நாட்டுக் காற்றை அடைந்ததும், சோற்றுப்பானை மூடியில் நீராவி வேர்ப்பதுபோல் படிந்துவிடும். வெம்மை வந்தால் மீண்டும் எழும். மேலும் வடக்கே சென்று மீண்டும் படியும். இவ்வாறு தத்தித் தத்திச் செல்வதனால் இதனை வெட்டுக்கிளிப் பாய்ச்சல் என்பர். ஈற்றில் எழ இயலாத குளிரை அடைந்து தங்கும். தென்கோடியிலும் 1966ஆம் ஆண்டிலேயே பெங்குவின் பறவையின் உடலில் டி.டி.டி. இருத்தலைக் கண்டனர்.

கனடாவின் வடகியூபெக்குப் பகுதியில் 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மருத்துவ அறிஞர் சிலர், தூய தாய்ப்பால் எங்கேனும் கிட்டுமாயின் அதனோடு நகரத்துத் தாயரின் பாலை ஒப்பிடலாம் எனக் கருதி, ஆலையே காணாத இனுயிட் தாயரை நாடினர். அவர்தம் பாலிலோ பி.சி.பி. என்னும் ஆலைநஞ்சு நகரத்துத் தாயரின் பாலிற் காணப்பட்டதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. செய்தி கேட்ட அம்மக்கள் தங்கள் உணவையே ஐயுறும் நிலையை அடைந்தனர். அவர்கட்குச் சீலும் திமிங்கிலமும் நமக்குச் சோறும் மீன்குழம்பும் போன்றவை. இந்நஞ்சுகளைத் தடுக்கும் உடன்படிக்கைக்காக உலக நாடுகள் கூடிப் பேசியபோது, தாயும் சேயுமாகச் செதுக்கிய இனுயிட் சிற்பமொன்று அவைத்தலைவரின் மேசைமேல் இருந்தது என்று படித்தோம். அவ்வுடன்படிக்கை 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் நிறைவேறியது.

பி.எச்.சி. மருந்தை நம் நாடு 1997ஆம் ஆண்டில் தடுத்தது. சீனம் அதற்கு முன்பே, 1983ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தது. வயலில் தூவுவார் குறைந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே வடதுருவக் காற்றில் அந்நஞ்சு குறைந்தது. ஆனால் கடல் அத்துணை விரைவில் மறக்கவில்லை. முன்பு காற்றிலிருந்து வாங்கித் தன் குளிர்நீரில் வைத்துக்கொண்டதை, காற்றுத் தூய்மையடைந்த பின் வடகடல் சிறிது சிறிதாகக் காற்றுக்கே திருப்பி விடலாயிற்று. பனிமூடி உருகித் திறந்த இடங்களில் அது மேலும் எளிதாக எழுகின்றது.